பதினொன்று இருபதுக்குச் சொன்னது

மே 4, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. திருச்சி விமான நிலையத்துக்குள் இருபத்திரண்டு டிகிரி, வெளியே நாற்பது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து என் தொண்டை அவதிப்படுகிறது.

காலை ஐந்தரைக்கு டூட்டி ஏறியதும் முதல் வேலை வாக்கி-டாக்கியைச் சரிபார்ப்பது. “ரேம்ப், கவுண்ட்டர்லேருந்து பத்மாசினி. கேக்குதா?” என்று நான் கேட்பேன். விமானங்கள் நிற்கும் தளத்திலிருந்து ஜெரால்டு அண்ணன், “தெளிவா கேக்குது மேடம், குட் மார்னிங்” என்பார். பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். அங்கே பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறார். ஒரு நாளும் என்னை இரண்டாம் தடவை கேட்க வைத்ததே இல்லை.

அடுத்தது நகப் பரிசோதனை. நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது, பத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. வீணை மீட்டுகிறவளுக்கு வலது கையில் இரண்டு நகமாவது வளர்ந்திருக்க வேண்டும். பதினொரு வருஷமாகக் கம்பெனிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. விரலில் கம்பி மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன்.

பரிசோதனை முடிந்ததும் நசீர் சாரிடம் லீவு கேட்டேன். டூட்டி மேனேஜர். ஜூன் 22 சாயங்காலம் உறையூர் நாதவளர் மன்றத்தில் எனக்குத் தனிக் கச்சேரி; அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட் விழுகிறது. இத்தனை வருஷத்தில் கிடைத்ததெல்லாம் மத்தியானம் மூன்று மணி; கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். ஆறு மணிக் கச்சேரி இதுதான் முதல். ஏற்கனவே இரண்டு தடவை லீவு கிடைக்காமல் மன்றத்தைக் கைவிட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை என்றால் என் பெயரை அடித்துவிடுவார்கள், செயலாளரே சொல்லிவிட்டார்.

“ஸ்கூல் லீவு சீசன்மா. ஜூன் முடியிற வரைக்கும் யாருக்கும் லீவு கெடையாது” என்றார் நசீர் சார். “வீணைதானே, அது எங்க போயிரப் போவுது?”

“புரியுது சார்” என்றேன். பெட்டி தொலைந்தவர்களுக்குச் சொல்ல எங்களுக்குக் கற்றுக்கொடுத்த குரலிலேயே சொன்னேன்.

மே 7, செவ்வாய்

கைப்பையில் ஊறுகாய் ஜாடியை விடவில்லை என்று ஒருவர் என்னை “ஏய்” என்றார். வேறு விசேஷம் இல்லை.

மே 11, சனி

ஞானாம்பிகை போன் செய்தாள். பதினாறாம் தேதி கோலாலம்பூர் போகிறாளாம், மறுநாள் அங்கே பெரிய அரங்கில் கச்சேரி. எங்கள் விமானம்தான். “நீதான்டி கவுண்ட்டர்ல இருக்கணும்” என்றாள்.

இசைக் கல்லூரியில் ஒரே வகுப்பு நாங்கள். படிப்பு முடிந்து ஆறு வருஷம் ஞானாம்பிகை–பத்மாசினி இரட்டை வீணை என்று நோட்டீஸில் போடுவார்கள். வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம், கும்பகோணம் கச்சேரிக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தனியாக வாசித்தாள். அன்றைக்குத் தனியாக வாசித்தது நன்றாக அமைந்துவிட்டதாம். அப்புறம் என்னைக் கூப்பிடவேயில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம்.

என் வீட்டுக்காரர் மணிவாசகம் பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து வந்து, அவரே ரவா கிளறினார். “ஞானா பேசுனாளா? நல்லா இருக்காளா?” என்றார். நல்லாத்தான் இருக்கிறாள், அவளுக்கென்ன. உப்புமாவில் உப்பு இல்லை.

மே 16, வியாழன்

நாற்பத்தொரு டிகிரி.

ஞானா பத்தே முக்காலுக்கு வந்தாள். மயில்கழுத்துப் பட்டு. வெள்ளை ஃபைபர் பெட்டிக்குள் வீணை. ஏற்பாடு செய்தவர்கள் அவளுக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள், வீணைக்குத் தனி இருக்கை இல்லை. உள்ளே கொண்டுபோக முடியாது, சரக்கோடுதான் போக வேண்டும். உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்ற சீட்டில் கையெழுத்து வாங்கினேன். அவள் படிக்காமலே போட்டாள்.

“ஒடையறதப் பத்தி பயமில்லடி. வெயில்ல மட்டும் வைக்காம பாத்துக்க. மெழுகு எளகிடும்.”

“எனக்குத் தெரியாதா?” என்றேன். வீணையில் விரல் வைக்கும் இருபத்துநாலு பித்தளை மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. மெழுகு இளகினால் மெட்டு நகரும். மயிரிழை நகர்ந்தால் போதும், ஒரு சுரமும் அதன் இடத்தில் இருக்காது. திரும்பப் பதிக்கத் தஞ்சாவூர் ஆசாரிதான் வர வேண்டும். கோலாலம்பூரில் யார் இருக்கிறார்கள்?

“நான் ரேம்ப்ல சொல்லிடறேன். கடைசியா ஏத்தச் சொல்றேன். அதுவரைக்கும் நெழல்ல இருக்கும்” என்றேன்.

அப்போதுதான் அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “ஐயோ, நகத்தையெல்லாம் வெட்டிட்டியா? கம்பி போட்டா வாசிக்கிற? அதுல நாதம் வராதேடி.” பக்கத்துக் கவுண்ட்டர் பெண் சிரித்தாள். வரிசையில் நின்ற ஒரு பெரியவர்கூட என் நகத்தை எட்டிப் பார்த்தார். “பாவம்” என்றாள் ஞானா. உண்மையான பாசத்தோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெட்டி பெல்ட்டில் உள்ளே போனது. ஜெரால்டு அண்ணனிடம் வாக்கியில் சொல்லிவிட்டேன்.

விமானம் தாமதம். பன்னிரண்டு பத்துக்குக் கிளம்ப வேண்டியது இரண்டு மணிக்குத்தான் கிளம்பியது. நான் கேட்டில் இருந்தேன். கண்ணாடி வழியாகத் தளம் முழுக்கத் தெரியும். பெட்டி வண்டிகளைப் பதினொன்றரைக்கே வெளியே கொண்டுவந்து விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். மேலாக அந்த வெள்ளைப் பெட்டி. ஞானா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பெட்டி அங்கேயே இருந்தது.

நான்தான் சொல்லிவிட்டேனே.

மே 18, சனி

நேற்று ராத்திரியே செய்தி வந்திருக்கிறது, இன்று காலையில்தான் பார்த்தேன். பிறகு அவளே பேசினாள். அழுகையில் பாதி புரியவில்லை.

“மெட்டெல்லாம் சாஞ்சு கெடக்குடி. மேல் ஸ்தாயில கைய வைக்க முடியல. யாரோ டீச்சர் வீட்டு வீணைய வாங்கி வாசிச்சேன். என் கைக்கே அது வரல. பாதியில நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன், பத்மா. எழுநூறு பேர் முன்னாடி.”

“அடப்பாவமே” என்றேன்.

“நீ சொன்னேல்ல அவங்ககிட்ட?”

“சொன்னேன்டி.”

“அப்புறம் எப்படி வெயில்ல போட்டானுங்க? மனுஷங்களா அவனுங்க?”

துணி துவைத்தேன். சீருடைச் சேலை இரண்டு, ரவிக்கை மூன்று. மாடியில் காயப்போட்டுக் கீழே இறங்குவதற்குள் ஈரம் இழுத்துவிட்டது, அப்படி ஒரு வெயில்.

மே 21, செவ்வாய்

ஞானா கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டாள், நான்கு பக்கம். சீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பதால் கம்பெனிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கவுண்ட்டரில் சொல்லியும் ரேம்ப்பில் கேட்காதது ஒழுங்கீனம் என்று நசீர் சார் விசாரணை வைத்துவிட்டார். என்னிடம் எழுத்தில் கேட்டார். எப்போது சொன்னேன், என்ன சொன்னேன்.

பதினொன்று இருபது என்று எழுதிக் கொடுத்தேன். வண்டி வெளியே போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால். அந்த நேரத்தில் வரிசை கதவு வரைக்கும் நின்றது, பக்கத்துக் கவுண்ட்டர் பெண்ணுக்குத் தலை நிமிர நேரமில்லை. வாக்கியில் பேசுவதை யாரும் பதிவு செய்வதும் இல்லை.

இதையெல்லாம் இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மே 24, வெள்ளி

ஜெரால்டு அண்ணன் ஆரஞ்சுச் சட்டையோடு டீக்கடைக்கு வந்தார். பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு எந்த சேனல்ல சொன்னீங்க?”

“மூணுலதான் அண்ணே. எப்பவும் போல.”

“நானும் மூணுலதான் இருந்தேன். பசங்களும் இருந்தானுங்க. ஒருத்தனுக்கும் கேக்கலங்கிறானுங்க.” நெற்றியைத் துடைத்தார். “பக்கத்துல பெரிய ஃப்ளைட்டு ஒண்ணு இஞ்சின் போட்டுக்கிட்டு இருந்திச்சு. அதுல நான் விட்டிருப்பேன். நீங்க சொல்லாம இருப்பீங்களா? வீணை உங்களுக்குத் தெரியாததா?”

“பாத்துக்கலாம் அண்ணே” என்றேன்.

“உங்க ஃபிரண்டுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதா சொல்லிருங்க மேடம். நானும் சர்ச் கொயர்ல பாடுறவன்தான். வாத்தியம் போச்சுன்னா எப்படி இருக்கும்னு தெரியும்.”

பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன், அவர் பாடுவார் என்பது எனக்குத் தெரியாது. நான் வீணை வாசிப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. டீ காசை அவரே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மே 29, புதன்

இன்று நடந்ததை எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஞானாவின் புகாரில் கடைசிப் பத்தி என்னைப் பற்றியதாம். இத்தனை அலட்சியத்துக்கு நடுவில் அக்கறையோடு நடந்துகொண்ட ஒரே ஊழியர் பத்மாசினி, அவரே ரேம்ப்புக்குத் தகவல் சொன்னார், இப்படிப்பட்டவர்களால்தான் உங்கள் நிறுவனத்துக்குப் பெயர் என்று எழுதியிருக்கிறாள். மேலிடம் வரைக்கும் போய்விட்டது. இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் நான். அறிவிப்புப் பலகையில் படம் போடப் போகிறார்களாம், சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். பதினொரு வருஷப் பழக்கம், கேட்டதும் சிரித்துவிட்டேன்.

“என்ன வேணும்மா, சொல்லு” என்றார் நசீர் சார்.

ஜூன் 22 என்றேன். உடனே கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் ஒரு வாரமும் சேர்த்துக் கொடுத்தார், பயிற்சி பண்ணு என்று. லீவில் இருக்கிறவளுக்கு நகப் பரிசோதனையும் கிடையாது, இப்போதிருந்தே வளர்த்துக்கொள், நான் கண்டுகொள்ள மாட்டேன் என்றார்.

மணிவாசகம் அல்வா வாங்கி வந்தார். எனக்குத் திகட்டியது.

ஜூன் 5, புதன்

ஜெரால்டு அண்ணனைக் காது பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் வாக்கியில் சொன்னது தன் காதில் விழவில்லை என்று அவரே வாக்குமூலத்தில் எழுதிவிட்டார். மனுஷன் பையன்கள்மீது பழி போட்டிருக்கலாம். என்மீதுகூடப் போட்டிருக்கலாம்.

முடிவு வந்துவிட்டது. உச்ச ஒலிகள் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறதாம். பத்தொன்பது வருஷம் இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றவன் எவனைச் சோதித்தாலும் இதுதான் வரும். என்னுடைய பதினொன்று இருபதுக்கு இப்போது டாக்டர் சர்டிபிகேட்டும் கிடைத்துவிட்டது.

தளத்துக்குப் போகும் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனி கார் நிறுத்துமிடத்தில் பயணிகள் விட்டுப்போகும் டிராலிகளைச் சேர்த்துத் தள்ளிவர வேண்டும்.

ஜூன் 8, சனி

அன்றைக்கு வாக்கியில் சார்ஜ் குறைவாக இருந்தது என்று நினைக்கிறேன். நான் பேசியது போயிருக்காது. அப்படியும் நடப்பதுண்டு.

ஜூன் 9, ஞாயிறு

சார்ஜ் நன்றாகத்தான் இருந்தது. எடுத்தேன். பொத்தானை அழுத்துவதற்குள் யாரோ ஒரு பயணி ஏதோ கேட்டார், வைத்துவிட்டேன். பிறகு மறந்துபோனது.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் என் ஸ்கூட்டரை நிறுத்தும்போது ஜெரால்டு அண்ணன் இருபது டிராலியை ஒன்றுக்குள் ஒன்று செருகித் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“கொயர்லேருந்து நின்னுட்டேன் மேடம்” என்றார், நான் கேட்காமலே. “சுருதியில நிக்கிறேனா இல்லையான்னே சந்தேகம் வந்திருச்சு. முன்னாடியெல்லாம் யோசிச்சதே இல்ல. இப்ப வாயத் தொறந்தாலே பயமா இருக்கு. எனக்கு ஒண்ணு கேக்குது, மத்தவங்களுக்கும் அதேதான் கேக்குதான்னு யாரு சொல்றது?”

நேராக நசீர் சார் அறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மேஜைமேல் என் லீவுத் தாள் இருந்தது. மன்றத்து நோட்டீஸ் ஒன்றை அவரே வாங்கி அதன் பக்கத்தில் வைத்திருந்தார். “வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்மா” என்றார்.

தண்ணீர் கேன் வரவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாக்கியை நான் எடுக்கவேயில்லை. மேஜைமேல் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பயணி யாரும் எதுவும் கேட்கவில்லை, மறக்கவும் இல்லை. கேட்டில் நின்று தயிர்சாதம் சாப்பிட்ட ஒவ்வொரு வாயிலும் அது என் நினைவில் இருந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

கச்சேரி முடியட்டும். முடிந்ததும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 17, திங்கள்

லீவு. காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் இரண்டு. நகம் வளர்ந்துவிட்டது. ஞானா சொன்னது உண்மைதான். கம்பிக்கும் நகத்துக்கும் நாதத்தில் அவ்வளவு வித்தியாசம். இத்தனை வருஷம் என்னுடைய வீணையை நானே கேட்டதில்லை போல.

ஞானா போன் செய்தாள். வீணை இன்னும் ஆசாரியிடம் இருக்கிறதாம். “கச்சேரிக்குக் கண்டிப்பா வர்றேன்டி” என்றாள். வராவிட்டால் நன்றாக இருக்கும்.

ஜூன் 22, சனி

நன்றாக வாசித்தேன். இதை எழுத வேண்டும், ஏனென்றால் அது உண்மை. வர்ணத்திலேயே கை பேச ஆரம்பித்துவிட்டது. காம்போதி ராகத்தை நாற்பது நிமிஷம் விரித்தேன். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. நடுவில் மேல் கம்பி ஒரு இழை இறங்கியது. தானம் வாசிப்பதை நிறுத்தாமலே முறுக்கிச் சரிசெய்தேன், மிருதங்கக்காரருக்கே தெரியவில்லை. செயலாளர் மேடையிலேயே அடுத்த வருஷத்துக்கும் தேதி சொன்னார். ஞானா முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தாள். பிறகு மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். “இதுதான்டி நீ” என்றாள். நசீர் சார் கைதட்டியதில் அவர் கண்ணாடி கீழே விழுந்தது.

பதினொரு வருஷம் இதற்காகத்தானே காத்திருந்தேன்? எல்லாம் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஜெரால்டு அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் அவர் மனைவி. வாசல் தூணோரமாகவே நின்றார்.

“கடைசி வரிசையில உக்காந்தேன் மேடம், வேணும்னே. ஃபேனு சத்தம், வெளிய பஸ்ஸு சத்தம், எல்லாம் இருந்திச்சு. ஆனா ஒண்ணு விடாம கேட்டிச்சு.” அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. “நடுவுல மேல் கம்பி லேசா எறங்கிச்சில்ல? வாசிச்சுக்கிட்டே முறுக்குனீங்களே. அதுகூடக் கேட்டிச்சு.”

என் நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

“அப்படின்னா காது நல்லாத்தானே இருக்கு?” என்றார். சிரிப்பு மெதுவாகப் போய்விட்டது. “கம்பி எறங்குனதே கேக்குது. நீங்க கத்திச் சொல்லியிருப்பீங்களே, அது மட்டும் எப்படி மேடம் கேக்காமப் போச்சு?”

கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டார். என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சேரி முடிந்துவிட்டது. முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று எழுதி வைத்ததும் நான்தான்.

“சில நேரம் அப்படி ஆயிடும் அண்ணே. உங்க சிரமம் எனக்குப் புரியுது” என்றேன்.

கவுண்ட்டர் குரல் அது. பதினொரு வருஷமாக அந்தக் குரலை அவர் வாக்கியில் கேட்டிருக்கிறார், அது எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் முகத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, “சரிங்க மேடம்” என்றார். மனைவியைப் பார்த்து, “வா ஸ்டெல்லா, பஸ் போயிரும்” என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அயோக்கியத்தனம் செய்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

நகம் வெட்டினேன். காலை ஷிஃப்ட்.

அறிவிப்புப் பலகையில் என் படம் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் ஜெரால்டு அண்ணன் டிராலிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், நிற்கவில்லை.

ஐந்தரைக்கு வாக்கியை எடுத்தேன். “ரேம்ப், கவுண்ட்டர்லேருந்து பத்மாசினி. கேக்குதா?”

புது ஆள். “கேக்குது மேடம், சொல்லுங்க.”

பொத்தானை அழுத்தியபடியே வைத்திருந்தேன். மூன்றாம் சேனலில் இருக்கிற எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விரலை எடுத்ததும், “சொல்லுங்க மேடம்” என்றான் மறுபடியும்.

“ஒண்ணுமில்லப்பா” என்றேன்.